கரைப்படை ஏறிய கப்பல்கள்

(குறிஞ்சிப்பாடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குறிஞ்சிப்பாடி கடற்கரை ஊர் இல்லை. தறியும் ஏரிப் பாசனமும் தெரிந்த ஊர். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போகும் கடற்போர்களில் நின்று சண்டை போட்டவர்களும் செத்தவர்களும் பெரும்பாலும் உங்களைப் போல் உள்நாட்டு ஊர்களில் பிறந்தவர்கள்தான். ஆகவே இந்தப் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

1783 ஜூன் 17. கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை நங்கூரம் போடுகிறது. தளபதியின் பெயர் சுஃப்ரேன். அவர் கையில் 15 பெரிய போர்க்கப்பல்கள். எதிரே ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் கையில் 18. சுஃப்ரேனுக்குக் கப்பல் எண்ணிக்கையை விடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கப்பலில் ஆள் இல்லை. ஒன்றரை ஆண்டுப் போரும் நோயும் அவர் மாலுமிகளைத் தின்று தீர்த்திருந்தன. உடனே அவர் செய்தது என்ன? கடலூர்க் கோட்டைக்குள் முற்றுகையில் இருந்த பிரெஞ்சுத் தரைப்படையிலிருந்து 1,200 பேரைக் கேட்டு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள். மூன்று நாள் கழித்துப் போர். அந்தப் போரில் அவர் தோற்கவில்லை. ஹியூஸ்தான் இடத்தை விட்டுப் போனார்.

கடற்போர் என்றால் நம் மனத்தில் கப்பல் வருகிறது, பாய்மரம் வருகிறது, தளபதியின் பெயர் வருகிறது. கப்பலின் மேல்தட்டில் எத்தனை பேர் நின்றார்கள், அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. என் கருத்து இதுதான்: பல பெரிய கடற்போர்களின் முடிவு, தரையில் வளர்ந்த ஆட்களைக் கப்பலில் ஏற்றியதால் வந்தது. இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ரோமானியர்கள். ஆகையால் ரோமில் தொடங்கிக் கடலூருக்கு வருகிறேன்.

கி.மு. 264. சிசிலித் தீவுக்காக ரோமும் கார்த்தேஜும் மோதின. கார்த்தேஜ் வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த வணிக நகரம். தலைமுறை தலைமுறையாகக் கடலில் பழகியவர்கள். ரோமானியர்கள் உழவர்கள். வயலை விட்டுப் படைக்கு வந்து, போர் முடிந்தால் வயலுக்குத் திரும்புகிறவர்கள். கரையில் ஒதுங்கிய ஒரு கார்த்தேஜ் கப்பலை மாதிரியாக வைத்துக்கொண்டு 100 பெரிய கப்பல்களும் 20 சிறிய கப்பல்களும் கட்டினார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கப்பல் தயாராகும் வரை காத்திருக்க நேரமில்லை. தரையில் பலகை இருக்கைகளை வரிசையாகப் போட்டு, அதில் ஆட்களை உட்கார வைத்து, ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்ந்து துடுப்பு வலிக்கப் பழக்கினார்கள்.

அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் மூக்கில், நீர்மட்டத்தில், கனமான வெண்கல முட்டு இருக்கும். எதிரிக் கப்பலின் விலாவில் அதைக் கொண்டு மோதிப் பிளப்பதுதான் முறை. இதற்குக் கப்பலை வளைத்துத் திருப்பும் வித்தை வேண்டும்; ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். ரோமானியர்களிடம் அது இல்லை. அவர்களிடம் இருந்தது வாளும் கேடயமும் ஏந்தி நேருக்கு நேர் நிற்கும் காலாட்படை. அந்தக் காலாட்படையைக் கடல் நடுவில் எப்படிப் பயன்படுத்துவது? அதற்காக ஒரு கருவி செய்தார்கள். காக்கை என்று அதற்குப் பெயர் வந்தது.

அந்தக் காக்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பொலிபியஸ் அளவு சொல்லியிருக்கிறார். கப்பலின் முன்பக்கத்தில் 24 அடி உயரத்தில் ஒரு கம்பம். அதன் உச்சியில் கப்பி. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்படி ஒரு பலகைப் பாலம்: நீளம் 36 அடி, அகலம் 4 அடி. இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு. பாலத்தின் நுனியில், அடிப்பக்கமாக, கூரான இரும்பு முள், அதன் மேற்பக்கத்தில் வளையம், வளையத்தில் கயிறு. அந்த இரும்பு முள் தானியம் இடிக்கும் உலக்கை மாதிரி இருந்தது என்று அவரே எழுதுகிறார். நம் வீட்டு உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பூண் இருக்கும் இடத்தில் கூர்முனை. கயிற்றை இழுத்துப் பாலத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். எதிரிக் கப்பல் அருகில் வந்ததும் கயிற்றை விடுவார்கள். பாலம் விழும்; முள் எதிரியின் தட்டில் குத்தி இறங்கும். இரண்டு கப்பலும் பிரிய முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

பிறகு வீரர்கள் பாலத்தின் மேல் இரண்டிரண்டு பேராக ஓடுவார்கள். முன்னால் போகிற இருவரும் கேடயத்தை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். பின்னால் வருகிறவர்கள் கேடயத்தின் விளிம்பைப் பக்கத் தடுப்பின் மேல் ஊன்றிப் பக்கவாட்டில் மறைப்பு உண்டாக்குவார்கள். முழங்கால் உயரத் தடுப்பு எதற்கு என்று இப்போது புரிகிறதா? அதை வடிவமைத்தவருக்குக் கப்பலோட்டத் தெரிந்ததோ இல்லையோ, காலாட்படை வீரன் கேடயத்தை எப்படிப் பிடிப்பான் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

கி.மு. 260இல் சிசிலியின் வடகரையில் மைலே என்ற இடத்தில் இந்தக் கருவி முதன்முதலாகப் போருக்கு வந்தது. ரோமானியத் தளபதி கயஸ் துயிலியஸ். கார்த்தேஜின் 130 கப்பல்கள் அணிவகுப்புக்கூட இல்லாமல் நேரே வந்து மோதின. எதிரிக்குக் கடல் தெரியாது என்ற நம்பிக்கை. ஏறத்தாழ 50 கப்பல்களை இழந்தன. அவர்கள் தளபதி ஹானிபால் ஒரு சிறு படகில் ஏறித் தப்பினார். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய புகழ்பெற்ற ஹானிபால் இவர் அல்லர். பெயர் மட்டும்தான் ஒன்று. கடலின் மேல் தரைப்போர் நடந்தது போல் இருந்தது என்பதே பொலிபியஸ் சொல்லும் செய்தியின் சாரம்.

நான்கு ஆண்டு கழித்து, கி.மு. 256இல், எக்னோமஸ் போர். ரோம் தரப்பில் 330 கப்பல்கள். ஒவ்வொரு கப்பலிலும் 300 துடுப்புக்காரர்கள், 120 போர்வீரர்கள். மொத்தம் 1,40,000 பேர் என்று கணக்கு. எதிர்த்தரப்பில் 350 கப்பல்கள், 1,50,000 பேர். இந்த எண்கள் மிகை என்று நினைக்கும் அறிஞர்கள் உண்டு. பாதி என்று எடுத்துக்கொண்டாலும் பழங்காலத்தின் மிகப் பெரிய கடற்போர்களில் ஒன்று அது. கார்த்தேஜின் 64 கப்பல்கள் ஆட்களோடு பிடிபட்டன. மூழ்கியவை முப்பதுக்கு மேல். மூழ்கடித்ததைப் போல இரண்டு மடங்கு கைப்பற்றியிருக்கிறார்கள். கப்பல் கப்பலை அடித்திருந்தால் மூழ்கிய கணக்குத்தான் கூடியிருக்கும். ஆள் ஏறிப் பிடித்ததால்தான் பிடிபட்ட கணக்குக் கூடியது.

அந்த 300 துடுப்புக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் சங்கிலியால் கட்டிச் சாட்டையால் அடிபடும் அடிமைகளைக் காட்டுவார்கள். ரோமானியக் கப்பற்படையில் பொதுவாக நிலை அப்படி இல்லை. துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் சுதந்திரமான ஏழைகள். ரோமின் அடித்தட்டுக் குடிமக்களும் அதன் கூட்டாளி ஊர்களைச் சேர்ந்தவர்களும். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை. துயிலியஸுக்கு மட்டும் ரோம் நகரத்தின் நடுவில், பிடித்த கப்பல்களின் மூக்குகள் பதித்த தூண் எழுந்தது.

வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கி.மு. 255இல் ரோமானியக் கப்பற்படை திரும்பி வரும்போது சிசிலியின் தென்கரையில் புயலில் மாட்டியது. 364 கப்பல்களில் 80 தான் மிஞ்சின. இந்தப் பருவத்தில் இந்தக் கரையோரம் போகாதீர்கள் என்று வழிகாட்டி மாலுமிகள் தளபதிகளிடம் எடுத்துச் சொன்னார்கள்; தளபதிகள் கேட்கவில்லை. பாரமான காக்கைப் பாலம் கப்பலின் தலையைக் கனக்க வைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். எக்னோமஸுக்குப் பிறகு அந்தக் கருவியைப் பற்றிய பேச்சு நூல்களில் அருகிப் போகிறது.

கருவி போனாலும் ஆள் போகவில்லை. கி.மு. 241இல், ஈகேட்ஸ் தீவுகளின் அருகே நடந்த கடைசிப் போரில், ரோமானியக் கப்பல்கள் இலேசாக இருந்தன. தேர்ந்தெடுத்த வீரர்கள் ஏறியிருந்தார்கள். கார்த்தேஜ் கப்பல்கள் சிசிலியில் இருந்த படைக்குத் தானியம் சுமந்து கனத்திருந்தன. மேல்தட்டில் நின்றவர்கள் அவசரத்துக்குப் பிடித்து வந்த புது ஆட்கள். கடலில் பழகிய நாடு, கப்பலில் பழகாத ஆளை ஏற்றித் தோற்றது. அந்தப் போரில் மூழ்கிய கப்பல்களின் வெண்கல முட்டுகள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைக் கடலடியிலிருந்து இந்த நூற்றாண்டில் எடுத்திருக்கிறார்கள். பின்னால் ரோமானியத் தளபதிகள் சீசரும் அக்ரிப்பாவும் வேறு வேறு கொக்கிகளைச் செய்தார்கள். பாய்மரக் கயிற்றை அறுக்க நீண்ட கழியில் கட்டிய அரிவாள், கவண்பொறியால் எறிகிற இரும்புக் கொக்கி என்று வகைகள் உண்டு. நோக்கம் ஒன்றுதான். கப்பலை நிறுத்து, ஆளை ஏற்று.

இந்த ரோமானியர்கள் நம் கரைக்கும் வந்தவர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் அரியாங்குப்பத்தை ஒட்டி அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்த இத்தாலிய மண்பாண்டங்களும் மதுச்சாடிகளும் உங்களில் பலருக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்தவை. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் வந்தார்கள் என்றுதான் படிக்கிறோம். அந்தக் கப்பல்களில் ஆயுதம் ஏந்தியவர்களும் இருந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, இந்தியா போகும் கப்பல்களில் கடற்கொள்ளையருக்கு அஞ்சி வில்லாளிகளின் அணிகளை ஏற்றிச் சென்றதாகக் குறித்திருக்கிறார். மேற்குக் கரையில் முசிறிக்குப் பக்கத்தில் கொள்ளையர் தொல்லை அதிகம் என்றும் எச்சரிக்கிறார்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக் கடலில் ‘சீமேன் கார்ட் ஓஹையோ’ என்ற கப்பலை நம் கடலோரக் காவல் படை பிடித்தது. அதில் 35 பேர். சோமாலியக் கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்க ஆயுதக் காவலர்களை அனுப்பும் தொழிலில் இருந்த கப்பல் அது. 2016இல் தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்தாண்டு தண்டனை கொடுத்தது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களை விடுவித்தது. வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. சரக்குக் கப்பலில் ஆயுதம் பிடித்த ஆளை ஏற்றும் பழக்கம் பிளினி காலத்திலிருந்து இன்று வரை நம் கரையை ஒட்டியே வந்திருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. 2024 மார்ச்சில் ‘ருயென்’ என்ற சரக்குக் கப்பலை சோமாலியக் கொள்ளையரிடமிருந்து மீட்டபோது, நம் கடற்படையின் மார்கோஸ் வீரர்கள் விமானத்திலிருந்து கடலில் குதித்துப் போனார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள்; 17 மாலுமிகள் உயிரோடு மீண்டார்கள். ஏவுகணை வந்த பிறகும் கப்பலை மீட்க ஆள்தான் ஏற வேண்டியிருக்கிறது.

நம் அரசர்களின் கடற்படைக்கு வருவோம். சேரன் நெடுஞ்சேரலாதன் கடலைத் தாண்டிப் போய்ப் பகைவரின் காவல் மரமான கடம்பை வெட்டினான் என்று பதிற்றுப்பத்து பாராட்டுகிறது. 1025ஐ ஒட்டி இராசேந்திர சோழன் கப்பல்கள் பலவற்றை அனுப்பிக் கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததாகவும், ஸ்ரீவிஜயம், பண்ணை, இலங்காசோகம் முதலான ஊர்களை வென்றதாகவும் மெய்க்கீர்த்தி சொல்கிறது. இவற்றைப் படித்துப் பாருங்கள். வெட்டியது மரம், பிடித்தது ஊர், வாயில், யானை, கருவூலம். எல்லாமே தரையில் நடந்தவை. கப்பல் படையைச் சுமந்து போயிருக்கிறது. சண்டை கரையில் நடந்திருக்கிறது. கடலின் மேலேயே நடந்த சண்டையைப் பார்க்க ஆசைப்பட்டால் மும்பையின் போரிவலிப் பகுதியில் உள்ள எக்சர் கிராமத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள நடுகற்களில் துடுப்பு வரிசையோடு கப்பல்களும், அவற்றின் மேல் ஆயுதம் ஏந்திய வீரர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். நம் ஊர் நடுகல்லில் ஆநிரை மீட்டவன் நிற்பது போல அங்கே கப்பலில் மாண்டவன் நிற்கிறான்.

கேரளக் கரையில் குஞ்ஞாலி மரைக்காயர்கள் 16ஆம் நூற்றாண்டு முழுவதும் போர்ச்சுகீசியரை எதிர்த்தார்கள். போர்ச்சுகீசியரிடம் பெரிய கப்பல், பெரிய பீரங்கி. மரைக்காயர்களிடம் துடுப்பு வலிக்கும் சிறு விரைவுப் படகுகள், நிறைய ஆட்கள். காற்று நின்றுபோன வேளையில் பல படகுகளாகப் போய்ச் சூழ்ந்து ஏறுவது அவர்கள் பலம். நம் மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையிலும் 1538இல் போர் நடந்தது. கடைசியில் 1600இல் நான்காம் குஞ்ஞாலியைக் கோட்டை முற்றுகையில்தான் வீழ்த்த முடிந்தது, கோவாவில் கொன்றார்கள்.

இனிக் கடலூர். 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை நிலம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று இன்றும் நம் வாயில் வருகிற பெயர்கள் அந்தப் பீரங்கிக் குண்டின் மிச்சம். இவ்வளவு பாடும் எதற்கு? துணிக்கு. சோழமண்டலக் கரையில் நெசவாளி நெய்த துணி கப்பலேறி ஐரோப்பா போனது. கிழக்கே மலேயத் தீவுகளுக்கும் போனது. தறி முன்னால் உட்காரும் உங்கள் முன்னோரின் கைவேலைக்காகத்தான் இரண்டு ஐரோப்பிய நாடுகள் நம் கடலில் அடித்துக்கொண்டன.

1758 ஏப்ரல் 29இல் கடலூருக்கு எதிரே ஒரு கடற்போர். அதில் பிரெஞ்சுத் தளபதி தாஷே, ஆங்கிலத் தளபதி போகாக். முடிவு தெளிவில்லாமல் போனது. ஆனால் ஜூன் 2இல் தேவனாம்பட்டினக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. அதை விட்டுவிட்டு 1782க்குப் போகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் சுஃப்ரேன் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கினார். ஐதர் அலியின் துணையோடு ஏப்ரலில் கடலூரைப் பிடித்தார்கள். அதற்கு முன்னே சதுரங்கப்பட்டினம், பின்னே நாகப்பட்டினம், திருகோணமலை என்று சுஃப்ரேனும் ஹியூஸும் மோதாத இடமில்லை. ஒன்றரை ஆண்டில் ஐந்து போர்கள். ஐப்பசி பிறந்தால் இந்தக் கரையில் அக்காலப் பாய்மரப் போர்க்கப்பல் நிற்க முடியாது. 1782 அக்டோபரில் பிரெஞ்சுக்காரரின் ‘பிசார்’ என்ற பெரிய போர்க்கப்பல் கடலூர்க் கரையிலேயே தரைதட்டி உடைந்தது. ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரேன் சுமத்திராவின் அச்சே துறைக்கும் போனார்கள். 1761 சனவரி 1இல் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் புயலில் ஆயிரம் பேருக்கு மேல் பறிகொடுத்தது இரண்டு தரப்புக்கும் மறக்கவில்லை.

1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் ஆங்கிலப் படையோடு வந்து கடலூரை வளைத்தார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. அப்போதைய மதில் சூழ்ந்த ஊர், ஓ.டி. என்று நாம் சொல்கிற முதுநகர்ப் பகுதி. ஜூன் 13இல் பெருஞ்சண்டை. வண்டிப்பாளையம் மேடு, இன்று கேப்பர் மலை என்கிறோமே, அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து தாக்கினார்கள். ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். புஸ்ஸி வெளிக்காவல் அரண்களை விட்டு மதிலுக்குள் ஒடுங்கினார். கடல் பக்கம் ஹியூஸின் கப்பல்கள் நின்றன. ஸ்டூவர்ட் படைக்கு அரிசியும் மருந்தும் அந்த வழியாகத்தான் வந்தன. கடலைப் பிடிப்பவருக்குத்தான் கடலூர் என்ற நிலை.

இந்த நிலையில்தான் சுஃப்ரேன் திருகோணமலையிலிருந்து வந்து சேர்ந்து, முன்னே சொன்ன 1,200 பேரை ஏற்றினார். கப்பலையே பார்க்காத சிப்பாய் அங்கே போய் என்ன செய்வான்? அக்காலப் போர்க்கப்பலின் கீழ்த்தட்டுப் பீரங்கி ஒன்று மூன்று டன் எடை இருக்கும். சுட்டதும் அது பின்னால் பாய்ந்து வரும். குழாயைத் துடைத்து, மருந்தும் குண்டும் இட்டு, வடத்தைப் பிடித்து மறுபடியும் முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும். ஒரு பீரங்கிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். குறி பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் போதும். மற்றவர்களுக்குத் தோள்வலுவும், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படும் பயிற்சியும் இருந்தால் போதும். தரைப்படைச் சிப்பாயிடம் இரண்டும் இருந்தன. காக்கைப் பாலம் ரோமானியக் காலாளுக்குக் கொடுத்த வாய்ப்பை, இங்கே பீரங்கி வடம் நம் சிப்பாய்க்குக் கொடுத்தது. கப்பலோட்டும் வித்தை தெரியாதவன் கடற்போரின் தீர்ப்பை எழுதும் இடத்துக்கு வந்துவிட்டான்.

அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோனது யார்? இந்தக் கரையில் பெருங்கப்பல் ஒட்டி நிற்கத் துறை கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். இடையில் அலை உடையும். ஐரோப்பியரின் படகு அந்த அலையில் தாக்குப்பிடிக்காது. அக்காலத்தில் இந்தக் கரை முழுவதும் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை மசூலா படகுகள். ஆணி கிடையாது. பலகையையும் பலகையையும் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். மணலில் மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. பின்னால் தண்டல் நின்று அலையை எண்ணிக் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குத் துடுப்புகள் விழும். அலை பார்த்துப் போகும் அந்த வித்தை கரையோரப் பட்டினவர் குடும்பங்களின் சொத்து. எக்னோமஸில் துடுப்பு வலித்தவர்களைப் போலவே இவர்களும் எந்தத் தளபதியின் கடிதத்திலும் பெயரோடு வரவில்லை.

ஜூன் 20. ஆனி மாத மேல்காற்று. காற்று சுஃப்ரேனுக்குச் சாதகமாக இருந்தது. சுஃப்ரேன் இந்த முறை பெரிய கப்பலில் நிற்கவில்லை. ‘கிளியோபாத்ரா’ என்ற சிறு போர்க்கப்பலிலிருந்து நடத்தினார். முந்திய ஆண்டு மேற்கிந்தியக் கடலில் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் தன் தலைமைக் கப்பலோடு பிடிபட்டுப்போனதால், தளபதிகள் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று அரசாணை வந்திருந்தது. மாலை நான்கு மணி வாக்கில் தொடங்கி இருட்டும் வரை ஏறக்குறைய மூன்று மணி நேரம் பீரங்கிச் சண்டை. ஒருவர் கப்பலில் ஒருவர் ஏறவில்லை. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, பிடிபடவில்லை. பிரெஞ்சுத் தரப்பில் 102 பேரும் ஆங்கிலத் தரப்பில் 99 பேரும் இறந்தார்கள். காயம்பட்டவர் இரு பக்கமும் சேர்த்து 800க்கு மேல். ஹியூஸின் கப்பல்களில் ஸ்கர்வி நோயில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படுத்திருந்தார்கள், குடிநீரும் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் சென்னைக்குப் போய்விட்டார். 18 கப்பல் இருந்தும் அவற்றை நடத்தத் தெம்புள்ள ஆள் இல்லாததால் அவர் போனார். 15 கப்பலோடு வந்தவர் கரையிலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டதால் நின்றார்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். ஜூன் 23இல் சுஃப்ரேன் கடலூருக்குத் திரும்பி, வாங்கிய 1,200 பேரையும் கரையில் இறக்கினார். கூடவே தன் கப்பல்களிலிருந்து 2,400 பேரையும் இறக்கினார். தரைப்படை கப்பலேறியது போக, இப்போது கப்பற்படை தரை இறங்கியது. கோட்டையை வளைத்த ஸ்டூவர்ட் தாமே மாட்டிக்கொண்டார். ஜூன் 25இல் புஸ்ஸியின் ஆட்கள் கோட்டையிலிருந்து பாய்ந்து தாக்கினார்கள். ஆங்கிலத் தரப்பில் நின்ற வங்காளச் சிப்பாய்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தி அவர்களைத் திருப்பினார்கள். நம் நாட்டான் மதிலுக்குள்ளும் இருந்தான், வெளியேயும் இருந்தான்; கப்பலிலும் இருந்தான், அதற்கு ஆளேற்றிய படகிலும் இருந்தான்.

ஜூன் கடைசியில் சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் சென்னையிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் 1783 சனவரி 20லேயே போர் நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன என்பது செய்தி. ஜூலை 2இல் கடலூரில் சண்டை நின்றது. கேப்பர் மலையில் விழுந்த ஆயிரம் பேரும், கடலில் செத்த 201 பேரும், சமாதானம் ஆகி ஏறக்குறைய ஐந்து மாதம் கழிந்த பிறகு அடிபட்டவர்கள். அதற்குப் பின் ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்கே திரும்பிப் போனது. சுஃப்ரேனைப் பிரான்ஸ் கொண்டாடியது. அவர் பெயரில் இன்றும் அங்கே போர்க்கப்பல் விடுகிறார்கள். கப்பலேறிய சிப்பாய்களின் ஊர்ப்பெயர்கூட எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. இந்த அநியாயம் எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இந்த மேடையிலிருந்து எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், அச்சிலும் வந்திருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாது. இந்தப் போர்க்காலத்தைத் தமிழன் ஒருவன் எப்படிப் பார்த்தான் என்று அறிய விரும்புகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். கல்லூரி மாணவர்கள் யாராவது பிரெஞ்சு படித்தால், கப்பல் பட்டியல்களிலும் படைச் சம்பளக் கணக்குகளிலும் நம் சிப்பாய்கள் பெயர்களைத் தேடுங்கள். ஒரு பத்துப் பெயர் கிடைத்தாலும் இந்த மாவட்ட வரலாற்றுக்கு அது பெரிய வரவு.

ஆசிரியப் பெருமக்களே, எக்னோமஸைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு ஜூன் 20ஐயும் சொல்லிக் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை வகுப்பைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து முதுநகர்த் துறைக்கும் கேப்பர் மலைக்கும் போங்கள். மூன்றும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அங்கே கடலுக்குப் போய் வந்த பெரியவர் ஒருவரைப் பிள்ளைகள் முன் நிறுத்தி, மேல்காற்று எப்போது எழும்பும், அலையை எப்படி எண்ணிப் படகு விடுவார்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.